இருமலுக்குப் பத்துக்குப் பத்து

இதை எழுதலாமா என்று ராத்தாவிடம் கேட்டேன். ராத்தா என் மூத்த சகோதரி, என்னைவிட ஒன்பது வயது கூடியவள். "எழுது. ஆனா இந்த முற மச்சான வெட்டாம எழுது" என்றாள். ஆகவே மச்சானில் இருந்தே தொடங்குகிறேன்.

மச்சான் ராத்தாவின் கணவர். கிண்ணியாவில், குறிஞ்சாக்கேணிப் பக்கம், படகு எஞ்சின் திருத்துகிறவர். வீட்டு வளவுக்குள்ளேயே ஒரு தகரக் கொட்டில். திருத்திய எஞ்சினைச் சோதித்துப் பார்க்க ஒரு நீலப் பீப்பாய் வைத்திருந்தார். அதில் தண்ணீர் நிரப்பி, எஞ்சினின் காலை உள்ளே இறக்கி, கயிற்றை இழுத்துவிடுவார். ஒழுங்கைத் தெரு முழுக்க அதிரும். பக்கத்து வீட்டுக் கோழிகள் முதல் இரண்டு வருடம் பயந்தன, பிறகு பழகிவிட்டன.

ராத்தா பதினாலு வருடம் அந்தச் சத்தத்துக்கு மேலாகக் கத்தியே குடும்பம் நடத்தினாள். எஞ்சின் நின்ற இடைவெளியில் அரை வசனம் சொல்லுவாள். மறுபடி நின்றால் மிச்ச அரை வரவேண்டும், ஆனால் அதற்குள் வேறு விஷயம் நினைவுக்கு வந்திருக்கும். "கறிக்கு உப்பு..." என்று தொடங்கினது "மகள்ட சப்பாத்து சின்னனாப் போச்சு" என்று முடியும். மச்சான் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு "ஓம்" சொல்லுவார். எனக்குத் தெரிந்து அவர்கள் சண்டை பிடித்ததே இல்லை. சண்டை பிடிக்கிறதுக்குக் காது கேட்க வேண்டுமே என்று உம்மா பகிடி பண்ணுவா.

ஒரு நாள் முற்பகலில் ஒரு எஞ்சினைக் கழற்றிக்கொண்டு இருந்தவர், வியர்க்குது என்று பீப்பாய்க்குப் பக்கத்தில் குந்தி இருந்தாராம். ஆட்டோ ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர முன்னமே எல்லாம் முடிந்துவிட்டது. எனக்கு ராத்தாவின் மாமியார்தான் போன் எடுத்துச் சொன்னார்.

ராத்தா இத்தாவில் இருந்தாள். கணவன் மௌத்தானால், இறந்துபோனால், மனைவி நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருப்பது எங்கள் முறை. வெளியே போவதில்லை, அந்நிய ஆண்களின் கண்ணில் படுவதில்லை. வெள்ளை உடுத்திக்கொண்டு ஓர் அறைக்குள் இருந்தாள். கொட்டில் மௌனமாக இருந்தது. முதன்முதலாக அவளுக்கு ஒரு வசனத்தை முழுதாகச் சொல்லி முடிக்கிற வசதி வந்தது. கேட்கத்தான் ஆள் இல்லை.

அதனால் எனக்குச் சொன்னாள். நான் திருகோணமலை நகரத்தில் உம்மாவோடு இருக்கிறேன். இரண்டாம் வாரத்தில் இருந்து அவளுடைய குரல்பதிவுகள் வாட்ஸ்அப்பில் வரத் தொடங்கின. காலையில் ஒன்று, பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு ஒன்று. இரண்டு நிமிடம், மூன்று நிமிடம், சில நாள் ஏழு நிமிடம்.

"புள்ள, மச்சான்ட செருப்பு வாசல்ல இரிக்கி. எடுத்தா ஆள் வெளிய போன மாதிரி, விட்டா ஆள் உள்ள இரிக்கிற மாதிரி. ரெண்டும் பொய்தானே. ஒரு செருப்ப மட்டும் எடுத்து வச்சா பாதி சரியா வருமா?"

இன்னொரு நாள்: "பல்லி ஒண்டு மச்சான்ட சேட்டுக்குள்ள குடி வந்திரிக்கி. கலைக்கணுமெண்டா சேட்டத் தோய்க்கணும். தோய்ச்சா மணம் போயிரும். பல்லி இருந்துட்டுப் போகட்டுமா, நீ என்ன சொல்ற?"

நான் சிரித்தேன். அழுதேன் என்று எழுதினால் அழகாக இருக்கும், ஆனால் முதலில் சிரித்தேன். அவளும் சொல்லும்போதே சிரித்துக்கொண்டுதான் சொல்லுவாள். நான் பெரும்பாலும் ஒரு "ஓம் ராத்தா" அனுப்புவேன். மச்சானின் வேலையை நான் எடுத்துக்கொண்டேன் என்று அப்போது பெருமையாகக்கூட நினைத்தேன்.

இனி ஆப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நானும் என் கூட்டாளி ஒருத்தியும் சேர்ந்து ஹோட்டல்களுக்கு வெப்சைட் செய்து கொடுக்கிறோம். ஒன்றாகப் படித்தவள், நகரத்தில் பரம்பரையாக இருக்கிற இந்துக் குடும்பம். அவளுடைய வீட்டு மேல்மாடி அறைதான் எங்கள் கந்தோர். ஜன்னலைத் திறந்தால் உள்துறைமுகம் தெரியும். கோதுமைக் கப்பல் நாட்கணக்கில் ஒரே இடத்தில் நிற்கும். கீழே தெருவில் மான்கள் யாராவது போட்ட அட்டைப்பெட்டியைத் தின்றுகொண்டு திரியும். வெளிநாட்டுக்காரர் வராத பருவத்தில் எங்களுக்கும் வேலை இராது. அப்படியொரு பருவத்தில்தான் கூட்டாளிக்கு அந்த யோசனை வந்தது.

"தலைக்குள்ள ஓடுற குழப்பத்தை அப்படியே எழுதினா, ஏஐ மார்க்ஸ் போடோணும். எவ்வளவு குழப்பமோ அவ்வளவு மார்க்ஸ். எப்பிடி?" என்றாள்.

எனக்கு உடனே பிடித்துவிட்டது. எங்கள் சனத்துக்கு மார்க்ஸ் என்றால் உயிர். பிள்ளை பிறந்தவுடன் நிறை கேட்கிற மாதிரி, வளர்ந்தவுடன் மார்க்ஸ் கேட்போம். அப்படிப்பட்ட ஊரில் குழப்பத்துக்கு மார்க்ஸ் கொடுத்தால் எடுபடாமல் போகுமா? ஏஐக்கு ஒரு வேஷம் வேண்டும் என்றேன். அதை ஒரு பள்ளிக்கூட டீச்சர் ஆக்கினோம். சிவப்புப் பேனை, முன்னேற்ற அறிக்கை, எல்லாம். 'முயற்சி போதாது, இன்னும் குழப்பலாம்.' 'பத்துக்கு ஏழு, பெற்றோரை அழைத்து வரவும்.' இப்படி எழுத அதற்குப் பழக்கினோம்.

ஆனால் டீச்சருக்கு எங்கள் தமிழ் வரவில்லை. ஒரு நேரம் சினிமாக் கொமெடி மாதிரிக் கதைத்தது, இன்னொரு நேரம் வானொலிச் செய்தி வாசித்தது. எது வேடிக்கை என்று காட்ட அதற்கு மாதிரிகள் கொடுக்க வேண்டும். உண்மையான ஆட்களின் உண்மையான குழப்பம் இருபது, முப்பது வேண்டும், ஒவ்வொன்றுக்கும் நாங்கள் போட்ட மார்க்ஸோடு. தெரிந்தவர்களிடம் கேட்டோம். எல்லாரும் பகிடி எழுதி அனுப்பினார்கள். குழப்பமாக எழுது என்று கேட்டால் மனிதர் தலை சீவிக்கொண்டு வந்து நிற்கிறார்கள். கூட்டாளியும் தன்னுடையதை எழுதிப் பார்த்தாள். ஒரு பந்தி எழுதி, அதில் முற்றுப்புள்ளி எல்லாம் சரியாகப் போட்டிருந்தாள்.

"யோசிக்காமக் கதைக்கிற ஒரு ஆள் வேணுமடி" என்றாள்.

நான் என் போனைப் பார்த்தேன். அன்றைக்கு வந்த பதிவு இன்னும் திறக்காமல் கிடந்தது.

ராத்தாவிடம் கேட்டிருக்கலாம். ஒரு சொல் போதும். கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ என்ற பயத்தில் கேட்காமல் விட்டேன். இதற்கு வேறு காரணம் எதுவும் நான் கண்டுபிடிக்கப் போவதில்லை. பெயர் எதுவும் போடமாட்டேன், யாருக்குத் தெரியப் போகிறது என்று எனக்கே நான் சொல்லிக்கொண்டேன். மூன்று பின்னேரம் இருந்து, காதில் மாட்டிக்கொண்டு, அவளுடைய பதிவுகளைக் கேட்டுக் கேட்டு எழுத்தில் இறக்கினேன். அதில் பன்னிரண்டைத் தெரிந்தெடுத்தேன். அந்த இருமல் கதையும் அதில் ஒன்று.

எங்கள் பக்கத்தில் ஓர் ஆண் பெண்கள் மட்டும் இருக்கிற வீட்டு வாசலுக்கு வந்தால் இருமுவார். கூப்பிடுவது மரியாதையில்லை, இருமினால் உள்ளே இருக்கிறவர்கள் சுதாரித்துக்கொள்வார்கள். அதைத் தெரிந்துகொண்டு கேட்டால்தான் ராத்தா சொன்னது விளங்கும். அவள் சொன்னதை முழுவதும் போடுகிறேன்.

"புள்ள, இண்டைக்கு ஒரு வேல நடந்துச்சு. மாமி அங்கால வீட்டுக்குப் போயிட்டா, மகள் ஸ்கூலுக்கு. வாசல்ல ஒரு ஆள் இருமுறார். கதவுச் சீலைய விலக்கி எட்டிப் பாத்தா, கொட்டில்ல கழட்டினபடி கிடக்கே, அந்த எஞ்சின்காரர். மச்சானிட்டத் தந்துட்டு ஒரு மாசமா வடக்குக் கரைக்குத் தொழிலுக்குப் போயிருந்தவர். எஞ்சின் சரியா எண்டு கேட்டு இருமுறாரா, மச்சான் மௌத்தாமே எண்டு கேட்டு இருமுறாரா, எனக்கு விளங்கல்ல. சீலைக்குப் பின்னால நிண்டு நானும் இருமினன். அவர் மறுகா இருமினார். நானும் மறுகா இருமினன். இருமலுக்கு இருமல், ஒரு கதையே கதைச்சு முடிச்சிட்டம். என்ன கதைச்சமெண்டு அவருக்கும் தெரியா, எனக்கும் தெரியா." இந்த இடத்தில் சிரிக்கிறாள். பிறகு குரல் இறங்குகிறது. "வாய் திறக்கக் கூடாதெண்டில்ல. மறைவுல நிண்டு ரெண்டு வார்த்த சொல்லலாம்தானே. ஆனா மச்சான் மௌத்தெண்டு நான் இன்னும் என்ட வாயால ஒருத்தருக்கும் சொல்லல்ல புள்ள. உனக்கும் மாமிதானே சொன்ன. முதல் முதல் அந்த எஞ்சின்காரருக்கா சொல்ற? அதான் இருமிட்டன்."

நான் அதை வெட்டினேன். இத்தா என்று தெரிகிற எல்லாவற்றையும் எடுத்தேன், ராத்தாவை யாரும் கண்டுபிடிக்கக் கூடாது என்று. கடைசிப் பகுதியை முழுக்க எடுத்தேன். அதற்குக் காரணம் வேறு. சாவு வந்தால் சிரிப்பு கெட்டுவிடும். மிச்சம் இருந்தது இவ்வளவுதான்: 'எஞ்சின் சரியா எண்டு கேட்டு வாசல்ல ஒரு ஆள் இருமினார். சீலைக்குப் பின்னால நிண்டு நானும் இருமினன். அவர் மறுகா இருமினார். நானும் மறுகா இருமினன். இருமலுக்கு இருமல், ஒரு கதையே கதைச்சு முடிச்சிட்டம்.'

டீச்சரிடம் கொடுத்துப் பார்த்தோம். சிவப்பு எழுத்தில் வந்தது: 'பத்துக்குப் பத்து. வகுப்பில் முதலாம் பிள்ளை. இருவருக்கும் இருமல் மருந்து ஒரே போத்தலில் வழங்கப்படும். கரண்டியும் ஒன்றுதான்.'

கூட்டாளி பாயில் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தேன்.

ஆப்பின் முகப்பில் 'இன்றைய முதலாம் பிள்ளை' என்று ஒரு பலகை வைத்திருந்தோம். அன்றன்றைக்கு வந்ததில் மிகக் கூடிய மார்க்ஸ் எடுத்தது அங்கே டீச்சரின் குறிப்போடு நிற்கும். திறந்துவிட்ட நாளில் பலகை வெறுமையாக இருந்தது. ஆட்களே வராத கடைக்கு யார் வருவார்கள்? முதல் கிழமை ஏழு நாளைக்கும் மாதிரிகளில் இருந்தே போடுவோம் என்று கூட்டாளி சொன்னாள். இருமலைக் காட்டி, "இதைப் போடட்டா? இது உன்ர ஆக்கள் ஆரோ சொன்னதெல்லோ?" என்று கேட்டாள். அவள் கேட்டாள் என்பதை நான் எழுதித்தான் ஆக வேண்டும்.

"பேர் இல்லயே, போடு" என்றேன்.

அது ஓடியது. மற்றவை எல்லாம் நடந்தன, அது ஓடியது. ஆட்கள் அதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். 'ஒரே போத்தல், ஒரே கரண்டி' என்பது இரண்டு நாளில் ஒரு சொல்லாகிவிட்டது. மார்க்கட்டில் மீன் வாங்க நிற்கும்போது பின்னால் ஒருவன் தன் கூட்டாளிக்கு அதைச் சொல்லிச் சிரித்தான். எனக்குப் புளகாங்கிதம். நாங்கள் செய்தது மார்க்கட்டில் நடமாடுகிறது! மீன்காரர் வெட்டித் தந்த பையை வாங்க மறந்து வந்துவிட்டேன்.

அந்தக் கிழமை ராத்தாவின் பதிவுகள் வரவில்லை. முதல் நாள் டேட்டா முடிந்திருக்கும் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் நானே, "என்ன ராத்தா, பல்லி சுகமா?" என்று குரல்பதிவு அனுப்பினேன். கேட்டுவிட்டாள் என்று நீலக் குறி விழுந்தது. பதில் இல்லை. ஏழாம் நாள் பஸ் ஏறினேன்.

எனக்கு முன் ஆசனத்தில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். கிண்ணியாப் பாலத்தில் பஸ் ஏறும்போது ஒருத்தி மற்றவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அதுதான் கா, எஞ்சின் பாக்கிற வீடு. அவர் மௌத்தாகி ரெண்டு மாசம் ஆகல்ல."

"இத்தாவில இருந்துக்கிட்டா?"

"சீலைக்குப் பின்னால நிண்டு இருமுறதாம். ஒரு ஆள் இங்கால இருமுறதாம். மருந்தும் ஒரே போத்தலாம், குடிக்கிறதும் ஒரே கரண்டியாம்."

"அஸ்தஃபிருல்லாஹ்!"

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட ஏலாது என்பார்கள். ஆனால் இந்த உலையை மூட்டினவள் நான்தான். நான் வெட்டி எடுத்த இத்தாவையும் மௌத்தையும் ஊர் ஒரே நாளில் தேடி எடுத்துத் திரும்பவும் ஒட்டிவிட்டது. டீச்சர் பகிடிக்கு எழுதின கரண்டியை நடந்த சம்பவமாகவே சேர்த்துக்கொண்டது. அவர்கள் ஒட்டாமல் விட்டது ராத்தாவின் கடைசி வசனங்களை மட்டும்தான், ஏனென்றால் அவை என் போனுக்குள் மட்டுமே இருந்தன. முன் ஆசனத்துக்கு எட்டிச் சொல்ல வாய் வந்தது. என்னத்தைச் சொல்வது? நான் இறங்க வேண்டிய இடம் வரும்வரை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

வாசலில் மாமி, ராத்தாவின் மாமியார், கதிரை போட்டு இருந்தார். முன்னர் ஒரு நாளும் அவர் அங்கே இருந்து நான் கண்டதில்லை. கொட்டிலைப் பார்த்தேன். கழற்றின எஞ்சின் இல்லை. அதன் ஆணிகள் மட்டும் ஒரு பால்மா டின்னுக்குள் கிடந்தன. எஞ்சின்காரரின் பெண்சாதி ஆட்டோவோடு வந்து, சலாமும் சொல்லாமல், அரைகுறையாகவே தூக்கிக்கொண்டு போனாவாம்.

"நான் அண்டைக்கு அங்கால வீட்டுக்குப் போயிருக்கக் கூடாது மகள்" என்றார் மாமி. "நான் இருந்திருந்தா நானே பதில் சொல்லியிருப்பன். எல்லாம் என்னாலதான்." அதற்குப் பிறகு இத்தா முடியும்வரை அவர் வாசலை விட்டு எங்கேயும் போகவில்லை. அது நான் செய்த வேலை என்று அந்த மனிசிக்குத் தெரியாது. ராத்தா சொல்லியிருக்கவில்லை.

ராத்தா அறைக்குள் இருந்தாள். மெலிந்திருந்தாள். போன் அலுமாரிக்கு மேலே, எட்டாத இடத்தில் இருந்தது.

"எனக்கே நாலு பேர் அனுப்பின" என்றாள். "சிரிச்சு ஏலா எண்டு எழுதி அனுப்பின. வாசிக்க வாசிக்க எனக்கு விளங்கல்ல, ஆர் இந்தப் பொம்புளயெண்டு. மறுகாதான் என்ட குரல் கேட்டுச்சு."

"பேர் ஒண்டும் போடல்ல ராத்தா."

"பேர் என்னத்துக்கு? கதைக்கிற கதையிலயே ஊர் தெரியுது. கிண்ணியால எஞ்சின் கொட்டில் எத்தின? அதுக்குள்ள இத்தா எத்தின?"

நான் காலைத் தொடுகிற அளவுக்குக் கீழே இருந்து, தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லத் தொடங்கினேன். அவள் கையை உயர்த்தி நிறுத்தினாள். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன், அவள் கத்துகிறதைக் கேட்டுத்தான் நான் வளர்ந்தேன்.

"நீ சிரிச்சதுக்கு எனக்குக் கோவமில்ல. நானும் சிரிச்சிக்கிட்டுத்தான் சொன்ன. ஆனா நான் சொன்ன கதையில மூணு பேர் இருந்த புள்ள. நான், அந்த ஆள், மச்சான். நீ மச்சான எடுத்துட்ட. மிச்சம் ஆர் இரிக்கி, பாரு. ஒரு பொம்புள, ஒரு ஆம்புள, நடுவுல ஒரு சீல."



"உனக்கு மட்டும்தான் சொன்ன" என்றாள். "உனக்குச் சொல்லேக்க, மச்சான் மௌத்தெண்ட அந்தச் சொல்லு முதல் தரமா என்ட வாயில வந்துச்சு. நீ கவனிக்கல்லயா?"

கவனிக்கவில்லை. மூன்று தரம் திரும்பத் திரும்பக் கேட்டு எழுதினேன், ஒரு எழுத்தும் பிழைக்காமல் எழுதினேன், பிறகு வெட்டினேன். அவள் அந்தச் சொல்லை முதன்முதலாகச் சொன்ன இடத்துக்கு நான் அனுப்பின பதில் ஒரு சிரிக்கும் முகம். திரும்பி வரும் வழியில் போனில் தேடிப் பார்த்தேன், அது இன்னும் அப்படியே இருந்தது.

அடுத்த நாள் பலகையில் இருந்து அதை எடுத்தோம். எடுத்தென்ன? படம் பிடித்தவர்களின் போன்களில் அது இருந்தது. உண்மையை முழுதாக எழுதிப் போடட்டுமா என்று ராத்தாவுக்கு எழுதிக் கேட்டேன். 'வேணாம். இன்னும் நாலு பேர் தெரியாம இரிக்காங்க. அவங்களுக்கும் சொல்லாத' என்று பதில் எழுதினாள். குரலில் இல்லை, எழுத்தில். அன்றில் இருந்து எழுத்துத்தான். சுருக்கமாக, ஒழுங்காக.

ஆப்பையே மூடவேண்டும் என்றேன். கூட்டாளி சம்மதிக்கவில்லை. "பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காப் போச்சு, ஓம், ஒத்துக்கொள்ளுறன். குரங்கை எடுப்பம். மண்ணையும் ஏன் கொட்டோணும்?" என்றாள். அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. வேறு ஆட்கள் தங்களுடைய குழப்பங்களைத் தாங்களே விரும்பி எழுதிச் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள். பிழை டீச்சரில்தான், அதற்கு இன்னும் நல்லாகப் பழக்க வேண்டும் என்றாள். எனக்கும் பிழையை யார் தலையிலாவது போட வேண்டும் போல இருந்தது. சரி, டீச்சரையே கேட்போம் என்று, ராத்தாவின் இருமல் கதையை வெட்டாமல், முதலில் இருந்து கடைசி வரை, அவள் சொன்னபடியே எழுதி அதற்குக் கொடுத்தேன்.

கொஞ்சம் தாமதித்து வந்தது. சிவப்பில்தான் வந்தது, அதற்கு வேறு நிறம் நாங்கள் கொடுக்கவில்லை. 'இதற்கு நான் புள்ளி போடமாட்டேன். நீங்கள் அதை இப்போது உங்கள் வாயால் சொல்லிவிட்டீர்கள். நான் கேட்டேன்.'

கூட்டாளி அதை இரண்டு தரம் வாசித்தாள். அந்த இயந்திரத்துக்கு மச்சானைக் கொடுத்திருந்தால் அது கரண்டியை எழுதியிராது. எல்லாம் அறிந்த நான்தான் அதற்குக் கொடுக்காமல் விட்டேன். பின்னேரத்துக்குள் ஆப்பை மூடினோம். ஜன்னலுக்கு வெளியே கோதுமைக் கப்பல் அப்போதும் நின்றது.

இத்தா முடிந்த அன்று நான் போனேன். ராத்தா குளித்து, நிறச் சேலை உடுத்தி, பெண்கள் வந்து போக, எல்லாரோடும் நன்றாகவே கதைத்தாள். வசனங்களைத் தொடங்கி முடித்தாள். உப்பைப் பற்றிப் பேசினால் உப்பிலேயே நின்றாள். வந்தவர்கள், "புள்ள நல்லாத் தேறிட்டா" என்று சொல்லிக்கொண்டு போனார்கள். எங்கள் டீச்சரின் கணக்கில் பார்த்தால் அவளுக்குப் பூச்சியம்தான் விழும். எனக்கு அவளைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. செருப்பு எங்கே என்று கேட்டேன். "எடுத்து வச்சிட்டன்" என்றாள். இரண்டையுமா என்று நான் கேட்கவில்லை.

மத்தியானம் குசினியில் நானும் அவளும் மட்டும் நின்றோம். அவள் செத்தல் மிளகாயைக் கொதிக்கிற எண்ணெயில் போட்டாள். காரம் எழும்பி முகத்தில் அடித்தது. நான் இருமினேன். கூடத்தில் மாமி இருமினார். வாசலில் மீன்காரர் மோட்டார்சைக்கிளை நிறுத்திவிட்டு, வீட்டில் ஆள் இருக்கா என்று கேட்கிற வழக்கமான அந்த இருமலை இருமினார்.

ராத்தாவின் முகம் சிவந்துவிட்டது. சேலைத் தலைப்பை உருட்டி வாய்க்குள் வைத்து அமத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது, கண்ணில் இருந்து தண்ணீர் ஓடியது, சத்தம் மட்டும் வரவில்லை.

"ராத்தா, இருமுங்க. மூச்சு அடைக்கப் போகுது."

தலையை ஆட்டினாள், ஏலாது என்று. மீன்காரர் மறுபடி இருமினார். அவள் அகப்பையை என் கையில் தந்துவிட்டு, பின்பக்கக் குளியலறைக்கு ஓடினாள். கதவைச் சாத்தினாள். குழாயை முழுதாகத் திறந்துவிட்டாள். வாளியில் தண்ணீர் விழுகிற சத்தத்துக்குள் அவள் இருமுவது எனக்குக் கேட்டது, நான் கிட்டத்தில் நின்றபடியால் மட்டும் கேட்டது. வாசலுக்குக் கேட்டிராது. மிளகாய் கருகிக்கொண்டு இருந்தது. வாளி நிரம்பி வழியும்வரை அவள் குழாயைப் பூட்டவில்லை.